அலுமாரிக்கு முன்னால் ஒரு பதிவு

4 ஆகஸ்ட் 2018, சனி
இன்றும் கிட்டாரைப் பதிந்தேன், இன்றும் அழித்தேன். வாளிக்குள் உட்கார்ந்து வாசித்த மாதிரி எதிரொலி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்து பஸ் ஹோர்ன் வேறு. ஞானா பன்னிரண்டு நாளாகக் கண்டி ஆஸ்பத்திரியில். கல்யாணமான புதிதில் அவளுக்காக நான் கட்டிய மெட்டைக் கேட்கிறாள். வாட்டுக்குள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகவா முடியும்? பதிந்து போனுக்கு அனுப்புகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

6 ஆகஸ்ட், திங்கள்
எதிரொலியைப் பற்றி அவளிடமே புலம்பினேன். “என் சேலையெல்லாம் அலுமாரியில சும்மாதான தொங்குது? கதவ தொறந்து வச்சிட்டு, அதுக்கு முன்னால உக்காந்து வாசிங்க. துணி சத்தத்த குடிச்சிரும்.”
தையல்காரிக்குத் தோன்றியது இந்த முனிசிபல் கிளார்க்குக்குத் தோன்றவில்லை.

7 ஆகஸ்ட்
அவள் சொன்னது சரி! அறை அடங்கிவிட்டது. போனைக் கிட்டார் ஓட்டைக்கு நேரே வைக்காமல் கழுத்துப் பக்கம் தள்ளி வைத்தேன். உறுமலும் போய்விட்டது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. கடைசியில் ஒரு விரல் வழுக்கித் தொலைத்தது. அழித்தேன்.

9 ஆகஸ்ட்
“பதிஞ்சாச்சா?”
இன்னும் சரியா வரல என்றேன்.
“வந்த மாதிரி அனுப்புங்களேன்.”
ரெண்டு நாள் பொறு என்றேன். நன்றாகத்தானே கொடுக்க நினைத்தேன்.

11 ஆகஸ்ட்
ஞானா போய்விட்டாள்.

15 ஆகஸ்ட்
கிட்டாரைத் தொட்டதும் அக்கா பதறிவிட்டாள். “கருமாதி முடியற வரைக்கும் வீட்டுல வாத்தியச் சத்தம் ஆகாதுடா!” பதினாறு நாள். சேலையெல்லாம் அப்படியே தொங்குது. நான் வாசிக்கத்தான் கூடாது. ரெண்டு நாள்னு ஏன் சொன்னேன்? என்ன மனுசன் நான்?

26 ஆகஸ்ட், ஞாயிறு
கருமாதி. சுமங்கலியாகப் போனவளின் சேலை என்று சொந்தக்காரப் பெண்கள் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மடுல்கெல்லைத் தோட்டத்திலிருந்தும் வந்திருந்தார்கள். ஒன்றையாவது வைக்கச் சொல்ல வாயெடுத்தேன். ஆம்பிளைக்கு எதுக்கு என்பார்கள். கடைசிச் சேலையையும் நானே எடுத்துக் கொடுத்தேன். கோழை.
“அவ பக்கத்து ஆளுங்க யாராச்சும் கோல் எடுப்பாங்க” என்று, ஞானாவின் போனுக்கு சார்ஜ் ஏற்றி அலுமாரித் தட்டில் வைத்துவிட்டுப் போனாள் அக்கா.

27 ஆகஸ்ட்
அதே கதிரையில், அதே இடத்தில் உட்கார்ந்து வாசித்தேன். வாளிச் சத்தம் திரும்பிவிட்டது. விரல் இரண்டு இடத்தில் வழுக்கியது, ஒரு பஸ்ஸும் ஹோர்ன் அடித்தது. அழிக்கவில்லை. வந்த மாதிரி அனுப்பினேன்.
அலுமாரிக்குள் அவள் போன் ஒலித்தது. ஒன்றுமில்லாத அலுமாரி, சத்தம் பெரிதாகக் கேட்டது.