தடைக்கு எதிரே பூஜ்யம்

டுமாங்காஸ், இலோய்லோ
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகள் ஜெனலினுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், என் செல்ல இந்தாய், ஆனால் பாதி நலம் என்பதே சரி. கல்கரியில் குளிர் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே இரண்டு நாளாக மழை, அப்பா கருவாட்டை உள்ளே எடுப்பதும் வெளியே வைப்பதுமாக இருக்கிறார். விஷயத்துக்கு வருகிறேன். நம் கணினியை அங்கிருந்தே திறந்து சரிசெய்கிறேன் என்று போன மாதம் போனில் சொன்னாயே, கறுப்புத் திரையில் நான் சொல்றதை மட்டும் அடிங்கம்மா, விளக்கமெல்லாம் அப்புறம் என்று அதட்டினாயே, அந்த வரியில் தடை என்ற பெயருக்கு எதிரே பூஜ்யம் போடச் சொன்னாய். வருகைப் பதிவேடு மாதிரிதான், வராதவர் கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் வகுப்பு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம், தடைக்குப் பூஜ்யம் என்றால் நீ உள்ளே வர வழி திறந்திருக்கிறது. எனக்குப் புரிந்தது. புரிந்துதான், நீ வர முடியாதபடி, பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று என்று போட்டேன். பூஜ்யம் போட்டாச்சு, ஏனோ வேலை செய்யலை என்று உன்னிடம் பொய் சொன்னேன். டீச்சரம்மா, முப்பத்தொரு வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்துட்டு ஒரு சைபர் போட வரலையா என்று உன் அப்பா இன்னும் கேலி செய்கிறார், நான் வேண்டுமென்றே செய்தது அவருக்கும் தெரியாது.

திரையின் முகப்பிலேயே கண் மருத்துவமனை அறிக்கை இருக்கிறது. எனக்கு இடது கண் ஏறக்குறைய போய்விட்டது, வலதும் அந்த வழியில்தான் என்கிறார்கள். இதைக் கூட எழுத்தைப் பெரிதாக்கித்தான் அடிக்கிறேன். நீ பார்த்தால் நர்ஸ் தேர்வை விட்டுவிட்டு விமானம் ஏறுவாய் என்று பயந்தேன். ஆனால் மறைக்க மறைக்க, காப்பியடித்த பிள்ளை மாதிரி உன் போனை எடுக்கவே கை கூசுகிறது. அதனால் இன்று காலை அதே வரியில் பூஜ்யம் போட்டேன், கணினியின் காவல் சுவரில் (ஃபயர்வால்) உனக்கு வழிவிட நீ அன்று சொன்ன இரண்டாவது வரியையும் அடித்தேன், இரண்டும் முடிந்தது என்று வந்தது. அப்பாவிடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வேன்.

தேர்வு முடியும்வரை கணினி வழியாக மட்டும் வா. உன் நெற்றியில் என் கை இருப்பதாக நினைத்துக்கொள், கடவுள் துணையிருப்பார். ஒன்றை மறக்காதே, நீ உள்ளே வந்ததும் இங்கே திரை பூட்டிக்கொள்ளும், நீ எதைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அதனால் முதலில் போன் செய், பேசிக்கொண்டே திற. தனியாகப் படிக்காதே.

உன் அம்மா,
எர்லிந்தா