நைனாவின் காக்கிச் சட்டை

தியாகராயநகர்,
சென்னை-17
24-3-1974

அன்பு மகள் செண்பகத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலியும் அம்மாவைப் போலவே குறைவில்லாமல் இருக்கிறது, அங்கே பர்மிங்ஹாமில் நீயும் மாப்பிள்ளையும் குளிருக்கு ஈடுகொடுத்துச் சுகமாக இருக்க முருகன் துணை.

முதலில் முக்கியமான செய்தி. இரண்டு மாதமாகத் தற்காலிகமாக நடந்துவந்த ஒரு காரியத்தைச் சென்ற வெள்ளிக்கிழமை காலை நானும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து, இருவரும் முழு நேரமும் ஆஜராக இருந்து, தீர விவாதித்து நிரந்தரமாக்கினோம். நம் வீட்டு வாசல் கேட்டுக்கு இனிமேல் எந்த வேளையிலும் தாழ்ப்பாள் போடுவதில்லை. எதிர்ப்பு எழவில்லை. உன் அண்ணன் வைரவன் மட்டும் மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது, ஏன்ப்பா, திருடன் வந்தா என்ன செய்வீங்க என்று கேட்டான். பாத்திரக்கடைக்காரன் வீட்டில் திருடுகிறவன் சத்தமில்லாமல் வெளியே போக முடியாது என்று சொல்லித் தீர்மானத்தை நிறைவேற்றினேன்.

கேட் திறந்து கிடப்பதற்குக் காரணம் நம் நாய் நைனா. நீ எழுதிய கடைசி இரண்டு கடிதத்திலும் நைனா எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நான் இரண்டுக்கும் உடனே பதில் போட்டேன், மண்ணெண்ணெய்க்கு நிற்கும் வரிசையைப் பற்றியும் வைரவன் கடைக்கு வைத்த புதுப் பலகையைப் பற்றியும் விரிவாக எழுதினேன், நைனாவைப் பற்றி எழுதவில்லை. காகிதத்தில் இடம் போதவில்லை என்று நினைத்திருப்பாய். இடம் இருந்தது. இப்போது நீங்களும் அங்கே ஒரு காப்பகத்திலிருந்து பூனை எடுத்து வளர்க்கப் போவதாகவும், அப்பாவின் அனுபவத்தைக் கேட்டு நடக்கலாம் என்று இருப்பதாகவும் எழுதிவிட்டாய். இதற்கு மேலும் மறைத்தால் முகம் தெரியாத ஒரு பூனைக்குத் துரோகம் செய்தவனாவேன்.

நீ சொல்லித்தான் தீபாவளி வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகு அடையாற்றுக் காப்பகத்துக்குப் போனோம். உன் ஒன்பதாவது வயதில் நீ பாவாடையில் சுற்றிக்கொண்டு வந்த குட்டியைக் கடைக் கைவண்டியில் ஏற்றித் தேனாம்பேட்டையில் விட்டுவிட்டு வரச் சொன்னவன் நான். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை, அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்தேன். அப்படிப்பட்டவன் நாய் கேட்டு வந்து நின்றதில் காப்பகத்து ஆரோக்கியமேரி அம்மாளுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை, அவருக்கு என் சரித்திரம் தெரியாது. நைனா ஒரு மூலையில் கிழிந்த காக்கிச் சட்டை ஒன்றின் மேல் படுத்திருந்தது. ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்துத் தரமணிக்கு அப்பால் குடிவைத்தபோது, லாரியில் சாமானுக்கே இடம் போதாமல், சுப்புராயன் என்ற ரிக்‌ஷாக்காரர் அதைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நாய்களைக் கவனிக்கும் துரைராஜ் சொன்னான்: "அந்தாளு அயுதுகினே போச்சு சார். போட்டுக்கினு இருந்த சட்டைய கயட்டி இதுக்குக் கீய போட்டுட்டு, வெறும் ஒடம்போட போச்சு. நைனான்னு கூப்புடு, அப்பதான் திரும்பும்." அம்மா அந்த நாயைத்தான் எடுக்க வேண்டும் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆரோக்கியமேரி அம்மாள் ஒரு காகிதத்தில் விதிகள் எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் ஒரே மூலை, ஒரே வேளையில் சோறு, ஒரே ஆள் வைக்க வேண்டும், பார்க்க வருகிறவர்களைத் தடுக்க வேண்டும், நாமாகப் போய்த் தொடக் கூடாது, அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டும், பெயரை மாற்றக் கூடாது. கடைசி விதி: கூட வந்த சட்டையைத் துவைக்காமல் சில மாதம் அப்படியே விடவும். எல்லாவற்றையும் கடைப்பிடித்தேன். வெளிப்பக்க மாடிப்படிக்குக் கீழே இடம் ஒதுக்கினோம். ஒன்பது நாள் அது சுவரைப் பார்த்தே படுத்திருந்தது, பத்தாம் நாள் நான் பேப்பர் படிக்கும்போது வந்து என் செருப்பின் மேல் தலையை வைத்தது, அன்று நான் விளம்பரங்கள் உள்பட எல்லாப் பக்கமும் படித்தேன். வாசற்படிக்குள் முட்டை நுழைய விடாத உன் அம்மா தானே அதற்கென்று ஒரு பாத்திரம் எடுத்துக் கொல்லையில் முட்டை வேகவைத்தாள். தெரு முனையில் நின்று நான் நைனா நைனா என்று கூப்பிட்டால் சைக்கிளில் போகிற நாலு பேர் திரும்புவார்கள், பிறகு நாயும் திரும்பும். மார்கழி முழுதும் இப்படி நன்றாகவே போயிற்று.

பிறகு போகி வந்தது. முப்பத்தைந்து வருடம் கடையில் உட்கார்ந்து பழைய பாத்திரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுத்தவன் நான். நசுங்கிய குடத்தைக் கொடுத்துவிட்டுப் பளபளவென்று புதுக்குடம் வாங்கிப் போகிற யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. உலகத்தில் எல்லாமே அப்படித்தான் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நைனாவுக்கும் வந்ததிலிருந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, இரண்டு என்பதும் சில தான், ஆகவே அந்தக் கடைசி விதி காலாவதியாகிவிட்டது என்று யாரையும் கேட்காமல் முடிவு செய்தேன். வைரவனிடம் சொல்லிப் புது பவானி ஜமுக்காளம் ஒன்று வரவழைத்தேன், அதை மாடிப்படிக்குக் கீழே விரித்தேன், காக்கிச் சட்டையை எடுத்துப்போய்ப் பழைய பாய், முறம் இவற்றோடு வாசலில் எரிந்த நெருப்பில் போட்டேன். நாய் என் பின்னாலேயே வந்தது. விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ, வாலை ஆட்டிக்கொண்டுதான் வந்தது.

நெருப்பு அணைந்ததும் அது போய் அந்தச் சாம்பலில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது. அன்று சாப்பிடவில்லை. பொங்கலன்றும் சாப்பிடவில்லை. ஜமுக்காளத்தை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு வெறும் தரையில் படுத்தது. அம்மா என்னைத் திட்டவில்லை, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா என்று மட்டும் சொன்னாள், திட்டியிருக்கலாம். மாட்டுப் பொங்கல் காலையில் பால்காரர் வேலு கொம்புக்கு வண்ணம் பூசிய மாட்டை ஓட்டிவந்து காட்டினார், கேட்டைத் திறந்தோம், எல்லோரும் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நைனா வெளியே நடந்து போயிற்று. ஓடவில்லை, நடந்துதான் போயிற்று. தெருவைச் சுற்றிவிட்டு வந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கும் வழக்கம்போல் இரவு ஒன்பது மணிக்குக் கேட்டைத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினேன். இருபது வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது. நாலு நாள் கழித்து எதிர்வீட்டுக் கோமளம் பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொன்னார்: "காணும் பொங்கலன்னிக்குக் கார்த்தால கோலம் போடறச்சே உங்க நைனா கேட்டுக்கு வெளியே நின்னுண்டிருந்துதே மாமி, மாமா எழுந்துண்டு திறப்பார்னு நினைச்சேன்." அந்த நேரத்தில் மாமாவாகிய நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

காப்பகத்துக்குப் போனேன், அங்கே வரவில்லை. துரைராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா சார் நீ, அதாண்ட இருந்ததே அது ஒண்ணுதான், அத்த போய் கொளுத்திக்கிற" என்றான். ஆரோக்கியமேரி அம்மாள் எனக்கு மோர் கொடுத்தார். ஆற்றங்கரையில் குடிசை இருந்த இடம் வெறும் மேடாக இருக்கிறது, அங்கே இட்லி விற்கும் அமீனா பீ இரண்டு நாள் பார்த்ததாகவும் பிறகு காணவில்லை என்றும் சொன்னாள். மாசி மாதம் விசாரித்துக்கொண்டு தரமணிக்கு அப்பால் போய்ச் சுப்புராயனைக் கண்டுபிடித்தேன், ஒருவேளை அவரைத் தேடி அங்கே போயிருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நான் யார் என்று சொன்னவுடனே என்னைப் பேசவிடாமல், "நைனா நல்லா கீதா சார்? துன்னுதா? ஒடம்பு தேறிச்சா?" என்று கேட்டுவிட்டார். நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறது, தேறிவிட்டது என்று சொல்லிவிட்டேன். மூன்றும் மார்கழி மாத நிலவரப்படி உண்மை. சட்டை நைந்துவிட்டது, வேறு ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். சட்டதான, இந்தா சார் என்று போட்டிருந்ததை அங்கேயே கழற்றிக் கொடுத்தார். பதிலுக்குப் புதுச் சட்டை எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். பஸ் ஏறும் இடம் வரை கூடவே வந்தார். "வருசப் பொறப்பு அன்னிக்கு வண்டி எடுக்க மாட்டேன் சார், வூட்டாண்ட வந்து பாக்கறேன். என்னைப் பாத்தா இன்னா ஆட்டம் ஆடும் பாரு" என்றார். வருஷப் பிறப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவர் வரும்போது சொல்ல வேண்டியதை நான் பலவிதமாக எழுதிப் பார்த்தேன், நன்றாக எழுத வருகிறவன் என்று பெயர் வாங்கியவன்தான், ஒன்றும் சரியாக வரவில்லை. அந்தச் சட்டை மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது, யாரும் துவைக்கவில்லை. ஜமுக்காளத்தை எடுத்துப் பரண்மேல் போட்டாயிற்று.

ஆகவே பூனை விஷயத்தில் என் அனுபவம் இவ்வளவுதான். அதன் பழைய பெயரைக் கேட்டு வாங்கிக்கொள். அலமாரிக்குக் கீழே பத்து நாள் ஒளிந்துகொண்டால் இழுக்காதே, பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது படி. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தால் சந்தோஷப்படும் என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே. தேனாம்பேட்டையில் விடப்பட்ட குட்டிக்கு நீ என்ன பெயர் வைத்திருந்தாய் என்று நேற்று அம்மாவிடம் கேட்டேன், அவளுக்கும் நினைவில்லை, எழுதும்போது தெரிவிக்கவும். மாப்பிள்ளையை இருமலைக் கவனித்துக்கொள்ளச் சொல். முருகன் அருளால் நீங்கள் இருவரும், வரப்போகிற பூனையும், நோய்நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, பூனையோடு கூடையோ கந்தலோ எது வந்தாலும் அது அதனுடையது.

உன் அன்புள்ள அப்பா,
தனபாலன்

பி.கு.: கேட் திறந்திருந்ததால் நேற்று மத்தியானம் ஒரு பசுமாடு உள்ளே வந்து, மாடிப்படிக்குக் கீழே சட்டியில் இருந்த பால்சோற்றைத் தின்றுவிட்டுப் போயிற்று. அம்மா வேறு சோறு பிசைந்து வைத்தாள்.