படலைக்கு வெளியே

2021 மே 12
வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கிவிட்டு வரும்போது குணலட்சுமி அக்காவின் தோட்டக் கிணற்றில் இரண்டு குடம் அள்ளினேன். எங்கள் ஒழுங்கைக் கிணறு உவர், வாயில் வைக்க முடியாது. மகள் தாரிகா வழமைபோலக் கிணற்றுக்குள் தன் பெயரைக் கூவினாள். கிணறு திருப்பிக் கூவ, ஒரே சிரிப்பு. ஏழு வயது, வாய் மட்டும் எழுபது.

மாமியின் காலத்தில் எங்கள் ஆட்கள் குடத்தோடு அந்தத் தோட்டத்து வாசற்படலைக்கு வெளியேதான் நிற்க வேண்டுமாம். அவர்களாகப் பார்த்து ஊற்றினால்தான் தண்ணீர். நல்லவேளை, நான் அதைப் பார்க்கவில்லை.

மே 19
இவருக்குக் கொரோனா. சந்தையில் மூட்டை தூக்கிய இடத்தில் தொற்றியிருக்க வேண்டும். வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் பிள்ளையும் வீட்டைவிட்டு இறங்கக் கூடாதாம்.

நானே அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். ஒளிப்பது பிழையல்லவா?

"சொன்னது நல்லது பிள்ளை. இப்ப கிணத்தடிக்கு வராதையுங்கோ," என்றார். நியாயம்தானே.

மே 22
சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வேலிக்கு அப்பால் நின்று, "அடிக்கடி சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கோ," என்றார்.

"தண்ணி?"

"பவுசர் வண்டியிலை வரும்."

மே 24
வரவில்லை.

மே 25
உவர்த் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தேன். பிள்ளைக்கு வயிற்றோட்டம். "அம்மா, கிணத்தடிக்குப் போவம்," என்று அழுகிறாள். நான் என்ன செய்ய? ஆரிட்டைப் போய்ச் சொல்ல? அங்கை மிசின் இறைக்கிற சத்தம் இஞ்சை கேக்குது. வெங்காயம் குடிக்குது — என்ரை பிள்ளைக்கு இல்லை.

மே 26
பவுசர் வந்தது. வீட்டுக்கு இரண்டு வாளி.

ஜூன் 8
இவர் வந்துவிட்டார், மெலிந்துபோய். எங்களையும் வெளியே போக விட்டுவிட்டார்கள். குடத்தோடு போனேன். படலையில் பூட்டு. வெளியே புதிதாக ஒரு குழாய்.

"இனி நீங்கள் உள்ளுக்கு வந்து கஷ்டப்படத் தேவையில்லை. உதிலை பிடியுங்கோ," என்றார் அக்கா.

மோட்டர் போட்டால்தான் அதில் தண்ணீர். மோட்டர் அக்காவின் கையில்.

ஜூலை 3
அக்காவின் மகன் கஜானனுக்கும் கொரோனாவாம். தனி அறை, அதற்குள்ளேயே குளியலறை. சுகமாகட்டும். அந்தக் கிணற்றை அவர்களுக்கு யாரும் பூட்டவில்லை.

2022 மார்ச் 14
இப்போது கொரோனாவைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. குழாய் மட்டும் இருக்கிறது.

இன்று புல்லுப் பிடுங்கக் கூப்பிட்டிருந்தார்கள். வேலைக்காகப் படலை திறந்து கிடந்தது. அக்கா வீட்டில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு தாரிகா தாகத்தோடு வந்தாள்.

"உள்ளுக்கு வா, அள்ளித் தாறன்," என்றேன்.

"வேண்டாமம்மா. எங்களுக்கு இஞ்சைதானே," என்றாள்.

குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. கையை நீட்டியபடி அங்கேயே நின்றாள்.