சில்வண்டின் திருகாணி

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, கேட்டுவிடுகிறேன். முட்டி வலி குறைந்ததா? நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை.

போனிலேயே பேசியிருக்கலாம். நம் இரண்டு பேர் கையிலும் போன் கிடைத்தால் என்ன ஆகும் என்றுதான் போன முறை பார்த்தோமே. நான் ஒன்று சொல்ல, நீங்கள் இரண்டு சொல்ல, உங்கள் தம்பி நடுவில் திருதிருவென்று முழிக்க, ஒரு வருடத்துக்கு மேலாகப் பேச்சுவார்த்தை அற்றுப்போயிற்று. கடிதம் என்றால் தப்பான வார்த்தையை அடித்துவிட்டு வேறு போடலாம். இதற்கு முன் எழுதிய இரண்டு தாளும் குப்பைக் கூடையில் கிடக்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருமகள் சில்வண்டுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. வாய் இன்னும் ஓயவில்லை. காதுதான் ஆறவில்லை. நீங்கள் அனுப்பிய தோட்டைக் கழற்றிய பிறகு என்னென்னவோ போட்டுப் பார்த்தோம். முலாம் பூசியது, அட்டையில் ‘அலர்ஜி வராது’ என்று அச்சடித்தது, அக்கம்பக்கத்தில் கைகாட்டியது என்று ஒன்றையும் விடவில்லை. எதைப் போட்டாலும் முதலில் அரிப்பு, அப்புறம் நீர் வடிகிறது. காலையில் எழுப்பும்போது தலையணை உறை காதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிரிப்பேன். அவள் அழுவதில்லை. அந்த நேரத்தில் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தங்கம் வாங்கலாம் என்று நகைக்கடைக்குப் போனோம். “தங்கத்துலயும் கலப்பு உண்டும்மா, குழந்தைக்கு ஒத்துக்கும்னு நான் எப்படி உறுதி சொல்றது?” என்றார் கடைக்காரர். ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றி வாங்கிப் பார்க்கிற பொருளா அது, நம்மைப் போன்றவர்களுக்கு?

கடைசியில் தோல் டாக்டர் முதுகில் பட்டைகள் ஒட்டிப் பார்த்து, நிக்கல்தான் ஆகவில்லை என்றார். டைட்டானியம் போட்டுப் பாருங்கள் என்றார். நீங்கள் அனுப்பிய தோடும் அதுதான் என்று அன்று போனில் சொன்னீர்கள். அப்போது நான் நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்பிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், ஏனென்றால் உங்கள் தோட்டைப் போட்டுத்தான் முதலில் புண் வந்தது.

இப்போது அவள் காதில் ஒன்றும் இல்லை. இடது காதுத் துளை தூர்ந்துகொண்டு வருகிறது. மறுபடி குத்திக்கொள்ளலாம் என்று சொன்னதும் என் தையல் மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வர வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. “எல்லாருக்கும் காதுல ஏதோ இருக்கு, எனக்கு மட்டும் மருந்து இருக்கு” என்கிறாள்.

உங்கள் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பட்டு மூக்கில் புண் வருகிறவர்களுக்கு என்ன செய்வீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்த ‘அன்புள்ள’ இப்போதைக்குச் சில்வண்டுக்காக.

முட்டி அப்படியேதான் இருக்கிறது. கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, எப்படிக் குறையும்?

இத்துடன் ஒரு குட்டி பாட்டில் வைத்திருக்கிறேன். எங்கள் கடையில் யாராவது மூக்கைத் தேய்த்துக்கொண்டு வந்தால் இதைத்தான் எடுப்போம். பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு விட்டு உலோகத்தின் மேல் நன்றாகத் தேய். பஞ்சு ரோஜா நிறமானால் நிக்கல் இருக்கிறது, அது அவள் தோலில் படவே கூடாது. வெள்ளையாகவே இருந்தால் பயமில்லை. கையுறை போட்டுக்கொள். பாட்டிலை அவள் கையில் கொடுக்காதே, கேள்வி கேட்டே அதைக் காலி செய்துவிடுவாள்.

அட்டையில் அச்சடித்திருப்பதை நம்பாதே. அட்டையைக் காதில் மாட்டப் போவதில்லை.

இன்னொன்று. நான் அனுப்பிய தோட்டைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால் அதையும் தேய்த்துப் பார். “கவரிங்கைக் கொடுத்து என் பிள்ளை காதைக் கெடுத்துட்டீங்க” என்று சொன்னாய். அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. ஃபிரேம் கொண்டுவருகிற ஆளிடம் சொல்லி, காத்திருந்து, குழந்தை காதுக்கு என்று பார்த்துப் பார்த்து வாங்கியது. விலை குறைவுதான், பளபளப்பும் கிடையாது. அதனால் மட்டம் என்று ஆகிவிடுமா?

தேய்த்துப் பார். சிவந்தால் நீ அன்று பேசியது அத்தனையும் நியாயம், நானே மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். சிவக்காவிட்டால் நீ ஒன்றும் எழுத வேண்டாம், நான் புரிந்துகொள்வேன்.

சில்வண்டுக்கு என் முத்தம். காதில் படாமல் கொடு.

இப்படிக்கு,
கவரிங் அத்தை


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படியுங்கள்.

பாட்டில் வந்த அன்றே உங்கள் மருமகள் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டாள். நான் தேய்க்க, அவள் பஞ்சைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். வீட்டுச் சாவி, “சிவப்பு, தள்ளி வை.” அவள் அப்பாவின் பெல்ட் கொக்கி, “சிவப்பு, அப்பா என்னைத் தூக்கக் கூடாது.” என் தையல் கடையில் இருக்கிற ஜிப், ஹூக், அழுத்துப் பட்டன் எல்லாம் சிவப்பு. அவளுடைய ஸ்கூல் பாவாடைக்கு நானே ஆசையாக வைத்துத் தைத்த பட்டனும் சிவப்பு. தொப்புளுக்குப் பக்கத்தில் ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அன்றே பிரித்துவிட்டு நாடா வைத்துவிட்டேன்.

மேல்மாடி அம்மாவுக்கு விஷயம் எப்படி எட்டியதோ, தன் தங்கச் சங்கிலியைக் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். “சும்மா தேயுங்க, என்கிட்ட எல்லாம் சுத்தமான சரக்கு” என்றார். பஞ்சு ரோஜாப்பூவாகிவிட்டது. இப்போது படிக்கட்டில் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குகிறார்.

உங்கள் தோடு இருந்தது. நூல்கண்டு டப்பாவின் அடியில் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். அவ்வளவு பேசிவிட்டு ஏன் தூக்கிப்போடவில்லை என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. முன்பக்கத்துப் பூவைத் தேய்த்தேன். வெள்ளை. தண்டைத் தேய்த்தேன். அதுவும் வெள்ளை. கையுறைக்குள் கை வியர்த்துவிட்டது.

“அம்மா, பின்னாடி இருக்கற குட்டியைத் தேய்க்கவே இல்லையே” என்றாள் இன்ஸ்பெக்டர்.

திருகாணியைத் தேய்த்தேன். பளிச்சென்று சிவந்தது.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. நான் பேசியது வீண் போகவில்லை, இனி நீங்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். தலையைத் தூக்கினால், வாசலில் ஷூ கழற்றிக்கொண்டிருந்த உங்கள் தம்பி, கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“இல்ல... அது அக்கா கொடுத்தது இல்ல.”

“எது?”

“அந்தத் திருகாணி.”

அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. நீங்கள் அனுப்பிய தோட்டைக் கழுவித் தருகிறேன் பேர்வழி என்று அவர் வாஷ் பேசினில் வைத்துக் கழுவியிருக்கிறார். இரண்டு திருகாணியும் ஓட்டை வழியாகப் போய்விட்டன. என்னிடம் சொன்னால் நான் கத்துவேன், உங்களிடம் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள். பஸ் நிறுத்தத்துப் பிளாட்பாரக் கடையில் பார்ப்பதற்கு அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கிக் குறட்டால் முடுக்கி விட்டிருக்கிறார். காது சிவந்தபோது தோடு இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்தாராம்.

“நாங்க அப்படிச் சண்டை போட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“சின்ன விஷயம்னு விட்டுட்டேன். அப்புறம் பெரிசாயிடுச்சு. பெரிசானதுக்கு அப்புறம் எப்படிச் சொல்றது?” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது சிரிப்பும் வந்து தொலைத்தது. அன்று ராத்திரி அவருடன் பேசியது சில்வண்டு மட்டும்தான், அதுவும் விசாரணைக்காக.

அக்கா, உங்கள் தோட்டில் ஒரு குறையும் இல்லை. நான் பேசியதுதான் மட்டமான பேச்சு. ஒன்றும் எழுத வேண்டாம் என்றீர்கள். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. மன்னித்துவிடுங்கள். நீங்கள் பதில் எழுதாவிட்டால், அதையும் நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
உங்கள் தங்கச்சி


மார்ச் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்த முறை ‘அன்புள்ள’ உனக்கே.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். ஷூ இடத்தில் சிரித்தேன். கடைசிப் பக்கத்தில் அழுதுவிட்டேன். நல்லவேளை, கண்ணாடி துடைக்கிற துணி கையில் இருந்தது. கண் பரிசோதனைக்கு வந்திருந்த பெரியவர், “முதல்ல உங்க கண்ணைப் பாக்கச் சொல்லுங்கம்மா” என்று எழுந்து இடம் கொடுத்தார்.

என் தம்பி பிறவியிலேயே அப்படித்தான். சின்ன வயதில் ரேடியோவைக் கழற்றி மாட்டிவிட்டு, மிச்சமான ஸ்க்ரூவை என் பென்சில் டப்பாவில் ஒளித்து வைத்தவன். ரேடியோ பாடாததற்கு அடி வாங்கியது நான். இப்போது பார், லிஃப்ட் ரிப்பேர் செய்கிறான். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவன் தொழில். நம்மை மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் உள்ளேயே விட்டு வைத்திருக்கிறான்.

நீ தலைகுனிய வேண்டாம், தைக்கிறவளுக்குக் கழுத்து வலி வரும். ஆனால் அன்று எனக்கு ரொம்ப வலித்தது, அதை நீ தெரிந்துகொண்டால் போதும். எனக்கென்று பிள்ளைகள் இல்லை. அவளுக்கு ஒரு பொருள் வாங்கும்போதுதான் நான் கடையில் நின்று நிதானமாகப் பார்ப்பேன். அவள் காதைக் கெடுத்துவிட்டேன் என்று நீ சொன்ன பிறகு குழந்தைகள் ஃபிரேம் இருக்கிற அலமாரிப் பக்கமே போகப் பிடிக்கவில்லை.

ஆனாலும் வாங்காமல் இருந்தேனா என்றால், இல்லை. டப்பாவைத் திறந்து பார். பழைய தோட்டுக்கு அதே டைட்டானியத்தில் திருகாணி. கூடவே இரண்டு ஜோடி தோடு, ஒன்று நீலம், ஒன்று ஊதா. அது சாயம் இல்லை, அந்த உலோகத்தையே அப்படி நிறம் மாற்றுவார்கள், உரிந்து வராது. அவளுடைய இரண்டு பிறந்த நாளுக்கும் வாங்கி, அனுப்ப ரோஷம் விடாமல் மேசை டிராயரில் போட்டு வைத்தவை. வாஷ் பேசினுக்கு என்று உபரியாகச் சில திருகாணிகளும் உண்டு.

எல்லாவற்றையும் நான் தேய்த்துப் பார்த்துவிட்டேன். இருந்தாலும் இன்ஸ்பெக்டர் ஒரு முறை பார்க்கட்டும். புண் முழுதாக ஆறிய பிறகுதான் போட வேண்டும். இடது காதை நீயாகக் குத்திக் குடையாதே, டாக்டரிடமே விட்டுவிடு.

போட்ட பிறகு எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. தபால்காரர் வருகிற நேரமெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு முட்டி இல்லை.

அன்புடன்,
அத்தைக்காரி


மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பரிசோதித்து, “வெள்ளை, எல்லாம் பாஸ்” என்று சொல்லிவிட்டாள். நீலம்தான் முதலில் வேண்டுமாம்.

புண் ஆறும்வரை காத்திருந்து டாக்டரிடம் கூட்டிப்போனோம். இடது காதில் மயிரிழை அளவுக்குத் துளை மிச்சம் இருந்தது. மறுபடி குத்த வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அவள் கண்ணை இறுக்க மூடி என் விரலை நெரித்துக்கொண்டிருந்தாள். “எப்பம்மா போடுவாங்க?” என்றாள். அதற்குள் போட்டு முடித்திருந்தார்கள். திருகாணியை நான் திருகினேன். உங்கள் தம்பி வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்.

பள்ளியில் எந்தக் கடையில் வாங்கினது என்று எல்லோரும் கேட்கிறார்களாம். “கண்ணாடிக் கடை” என்கிறாள். யாரும் நம்பவில்லையாம். அத்தை வந்து சொன்னால்தான் நம்புவார்களாம், அதனால் நீங்கள் லீவு போட்டு வர வேண்டுமாம்.

இரண்டாம் நாள் பயந்தேன். மூன்றாம் நாள் அதைவிடப் பயந்தேன். நீர் வடிய ஆரம்பிக்கிற நாள் அதுதானே. காலையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு போய் நின்றேன். அவள் தலையை அசைத்தாள், தலையணை அதன் இடத்திலேயே கிடந்தது. உறை சுத்தமாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன், அந்தப் பக்கமும் சுத்தம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன் அக்கா. அவளோ கண்ணைத் திறந்த நிமிடத்திலிருந்து பேச ஆரம்பித்துவிட்டாள். பல் விளக்கும்போதும் நிறுத்தவில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. துவைக்கப் போடும் துணியில் இப்போது தினமும் தலையணை உறை இல்லை.

இனி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். நீங்கள் இரண்டு சொன்னால் நான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொள்கிறேன், அன்றைக்கு மட்டும். முதலில் எடுப்பது சில்வண்டாகத்தான் இருக்கும், அவள் முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போனை அவள் உங்கள் நீலத் தோட்டின் மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டுதான் பேசுவாள்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி