அப்பாவோட இலாகா

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்து, நீ நல்லபடியாக இருக்க வேண்டும். வானத்துச் சைகை கேட்கும் உங்கள் நிலையத்துக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்த பிறகுதான் உங்கள் கையில் தருவார்கள் என்று சொல்லியிருந்தாய். பிரித்துப் படிக்கும் அந்தப் பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். இதில் ரகசியம் ஒன்றும் இல்லையப்பா, எங்கள் வீட்டுக் கதைதான். படித்துவிட்டுச் சீக்கிரம் என் பெரியவனிடம் கொடுத்துவிடு.

முதலில் நல்ல சேதி. உன் தங்கைக்கு இது ஏழாம் மாதம். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். மாப்பிள்ளை அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்த்துக்கொள்கிறார். அது அவளுக்கே எரிச்சலாக இருக்கிறது. எனக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலை தலைக்கு மேல். உன் கட்டில் முழுக்க வெட்டி வைத்த காலர் துண்டுகள்தான். நீ வருவதற்குள் எடுத்துவிடுவேன், பயப்படாதே.

இனி எழுத வந்த விஷயம். அப்பாவைப் பற்றி.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. பிரார்த்தனைக் கூடத்துக்குப் போயிருக்கிறார். நடத்துவதற்குப் போயிருக்கிறார் என்று நினைத்துவிடாதே. உட்காரப் போயிருக்கிறார். கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில். முன்னால் மைக் பிடித்துக்கொண்டு வேறொரு பையன் நடத்துகிறான். பஸ் கண்டக்டர் வேலையில் பழுத்த உன் அப்பா குரலுக்கு அந்தக் கூடத்தில் என்றைக்கும் மைக் தேவைப்பட்டதில்லை. உனக்குத் தெரியுமே.

எப்படி ஆயிற்று என்று முறையாகச் சொல்கிறேன். இதில் எதுவும் உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

வேறொரு நட்சத்திரத்துப் பக்கத்திலிருந்து யாரோ விடாமல் சைகை அனுப்புகிறார்கள், அது தானாக எழும் சத்தம் இல்லை என்று டிவியில் சொன்ன அன்று சாயங்காலம், கூடத்தில் நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றவர்களே அத்தனை பேர். அப்பா வழக்கம்போல ஆரம்பிக்கப் போனார். எலக்ட்ரீஷியன் எழுந்து, “அவங்களையும் ஆண்டவன்தானே படைச்சான்?” என்று கேட்டார். “வேற யாரு?” என்றார் அப்பா. எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

அப்புறம் பள்ளிக்கூடத்துக் கிளார்க்கம்மா எழுந்தாள். போன வருஷம் அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது அப்பாதான் பக்கத்தில் இருந்து ஆறுதல் எல்லாம் சொன்னார். ஆண்டவன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பான் என்று அன்றைக்கு அவளிடம் சொன்னதை நானே கேட்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வருஷத்தை ஓட்டியிருக்கிறாள். “இத்தனை உலகம் இருக்குன்னா, அத்தனை கூட்டத்துல என் வீட்டுக்காரரை அவனுக்கு அடையாளம் தெரியுமா?” என்று கேட்டாள்.

தெரியும் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அப்பா கையில் இருந்த துண்டை மடித்தார். பிறகு, “எனக்குத் தெரியலைம்மா” என்றார்.

அவள் அழவில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முதல் வரிசையில் அவள் உட்காரும் இடம் அதற்குப் பிறகு காலியாகவே கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் அவரை விடவில்லை. இத்தனை வருஷம் சொன்னதைத் திருப்பிச் சொல்ல என்ன கேடு என்று கேட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “நேத்து வரைக்கும் தெரியும்னு நினைச்சேன், சொன்னேன். கும்பிட்டா பக்கத்து ரூம்ல இருக்கிறவரைக் கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. இப்போ அந்த வீடு எவ்வளவு பெருசுன்னே எனக்குத் தெரியலை. அவர் இருக்கார். எந்த ரூம்ல இருக்கார்னு சொல்லத் தெரியலை.” எனக்கு அது புரியவில்லை. சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். இப்போது யோசித்தால், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பேச விட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. யாரும் சண்டை போட்டுப் போகவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. மருந்துக் கடைக்காரர் தன் கடை மாடியில் தனியாகக் கூட்டம் போட ஆரம்பித்தார். வானத்திலிருந்து அவர்கள் அனுப்புவது என்னவென்று தனக்கு விளங்கிவிட்டதாம். நீங்கள் அத்தனை பேர் படித்தவர்கள் ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொள்வது அவருக்கு இருமல் மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி விளங்கிவிட்டது! மாடிப்படி வரை ஆள். இன்னொரு பக்கம், கும்பிடுவதையே விட்டவர்கள். எலக்ட்ரீஷியனை மார்க்கெட்டில் பார்த்தேன். “கோபமெல்லாம் இல்லைக்கா. என்னமோ விட்டுப்போச்சு, அவ்வளவுதான்” என்றார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நீ டிவியில் வந்தாய். தெருவே நம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. முகம் இளைத்திருந்தாய், ஆனால் அழகாகப் பேசினாய். கடைசியில் பேட்டி எடுத்த பெண், இனி கடவுளுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டதும் நீ சிரித்துக்கொண்டே, “அது எங்கப்பாவோட இலாகா. அவரைத்தான் கேக்கணும்” என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. கூடத்தில் ஆள் குறைந்த நாளிலிருந்து நான் பார்க்காத முகம் அது. “பார்த்தியா, என்னைச் சொல்றான்” என்று பக்கத்து வீட்டுக்காரர் தொடையில் தட்டினார்.

நீ விளையாட்டாகச் சொன்னாய். எனக்குத் தெரியும். ஆனால் கேட்டவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் டிவிக்காரர்கள் கேமராவோடு வந்துவிட்டார்கள். நான் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை ஓரம் தள்ளிவிட்டு, விளக்கை நட்டு, அப்பாவை என் தையல் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். உங்கள் மகன் உங்கள் இலாகா என்கிறார், சொல்லுங்கள் ஐயா என்றார்கள். அவர் தலைக்கு எண்ணெய் தடவி, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அதையேதான் சொன்னார். எனக்குத் தெரியவில்லை என்று. சும்மா இல்லை, நிறையவும் பேசினார். பெரிய வீடு, பல ரூம், கூப்பிடுவதை நிறுத்தக் கூடாது என்றெல்லாம். அதை எதையும் போடவில்லை. தெரியவில்லை என்று அவர் தலையைக் குனியும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கீழே, மகனுக்குக் கேட்கிறது, தகப்பனுக்குத் தெரியவில்லை என்று எழுத்து வேறு ஓடியது. உங்கள் இடத்தில் டிவி பார்க்க நேரம் இருந்திருக்காது. அதனால்தான் நீ ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே கூடத்து நிர்வாகக் குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். டீ குடித்தார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கள் என்றார்கள். அப்பா சரி என்று சொல்லி, எழுந்து போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் படியிறங்கும்போது பின்கதவு சாவி கொஞ்சம் இறுகும், தூக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டும் என்று தெருவரை கூடவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அதன் பிறகு புதிதாக ஒரு பழக்கம் வந்தது. அந்தச் சைகை தினமும் கொஞ்ச நேரம் நின்றுபோகிறதாமே. எத்தனை மணிக்கு நிற்கும் என்று பேப்பரில் மழை வெயிலோடு சேர்த்துப் போடுகிறார்கள். அந்த நேரம் வந்ததும் அப்பா எங்கே இருந்தாலும் அப்படியே உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் பாதி முகம் சவரம் செய்தபடி, நுரையோடு உட்கார்ந்திருந்தார். என்ன இது கூத்து, அவர்கள் கும்பிடுகிறார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். “யாரும் சொல்லலை. தூங்குறாங்களோ, மிஷினை நிறுத்துறாங்களோ. ஒருவேளை கும்பிடுறாங்கன்னா, அவ்வளவு தூரத்துல தனியா இருக்காங்களே, துணைக்கு இங்கேயும் ஒரு ஆள் இருக்கட்டுமே” என்றார். தெருப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். நானும் முதலில் சிரித்தேன். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் தையல் மிஷினை மிதிக்காமல் நிறுத்திவைக்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

போன மாதம் ஒருநாள், உன்னைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அவருடைய பஸ் பாஸ் இருக்கிறதே, மூன்று பஸ் மாறிப் போனார். உனக்கு நான் தைத்த அரைக்கை சட்டை இரண்டைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் திரும்பி வந்தார். நீண்ட நாளைக்கப்புறம் வாய் ஓயாமல் பேசினார். நீ ஓடி வந்தாயாம். உள்ளே கேன்டீனில் டீ வாங்கித் தந்தாயாம். சட்டையைப் போட்டுப் பார்த்தாயாம், தோள்பட்டை கனகச்சிதமாம். சைகை நிற்கும் நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அப்பா உன்னிடம் கேட்டாராம். நீ, “எனக்கும் தெரியாதுப்பா. அந்த நேரத்துல நானும் ஹெட்போனைக் கழட்டாம சும்மாதான் உட்கார்ந்திருப்பேன்” என்றாயாம். “அப்படின்னா நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துலதான் உட்கார்றோம்” என்று இவர் சொன்னாராம். அதற்கு நீ ஆமாம் என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டாயாம். இதைச் சொல்லும்போது அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் தங்கைக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

அடுத்த நாள் அப்பா குளிக்கும்போது வீட்டுக்குப் போன் வந்தது. உங்கள் கேட்டில் இருக்கும் காவலாளி. பெரியவர் மூக்குக் கண்ணாடியை பெஞ்சில் விட்டுவிட்டுப் போய்விட்டார், கண்ணாடிக் கூட்டில் இந்த நம்பர் இருந்தது என்றார். நான், என் மகனிடம் கொடுத்துவிடுங்கள், முந்தாநாள்கூட அவனோடு உட்கார்ந்து டீ குடித்தாரே என்றேன். அந்த மனுஷர், “சார் வெளியவே வரலையேம்மா. ரெண்டு தடவை சீட்டு எழுதி உள்ளே அனுப்பினேன். இன்னைக்கு முடியாதுன்னு வந்துச்சு. பெரியவர் சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கு வெளியே பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தார். டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்” என்றார். சட்டைகள் இருந்த பையையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அது உன் கைக்கு வந்ததா, தெரியவில்லை.

அந்தச் சீட்டு உன்னிடம் வந்ததோ, வழியில் யார் கையிலோ நின்றதோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. வானத்துக்கு அப்பால் இருந்து கூப்பிடுகிறவர்களை விட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடிவர முடியாத வேலை உன்னுடையது. அப்பாவும் அதைத்தான் நினைத்திருப்பார். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. ஊரே கையேந்தி நின்றபோதுகூட, தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத மனுஷர். நான் உன்மேல் கோபப்பட்டுவிடக் கூடாதே என்று, நடக்காத ஒன்றை உட்கார்ந்து அவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜோடித்திருப்பார் போல.

நான் அவரிடம் கேட்கவில்லை. போன் வந்ததைச் சொல்லவும் இல்லை. கண்ணாடி பஸ்ஸில் தொலைந்துபோயிற்று என்கிறார், சரி என்றேன். புதிது வாங்கலாம் என்றால் அப்புறம் பார்க்கலாம் என்கிறார். நான் ஊசி கோக்கப் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேப்பரை மூக்கில் ஒட்டி, அந்த நேரத்தைத் தேடிப் பார்க்கிறார்.

அடுத்த மாதம் உங்களுக்கு லீவு விடப்போகிறார்கள் என்று சொல்கிறார்கள். எப்படியாவது வந்துவிடு. ஒருநாள் என்றாலும் போதும். கிளம்பும்போது கேட்டில் அந்தக் காவலாளியைப் பார். நல்ல மனுஷர், ஒரு வணக்கம் சொல்லி, கண்ணாடியை வாங்கிக்கொள். வீட்டுக்கு வந்ததும் அப்பா கையில் கொடுத்து, “கேன்டீன்ல டீ குடிக்கும்போது மேஜைமேலயே விட்டுட்டுப் போயிட்டீங்கப்பா” என்று சொல். வேறு எதையும் கேட்காதே. மன்னிப்பும் கேட்காதே, அவர் தாங்க மாட்டார். அதைப் போட்டுக்கொண்டு அவர் உன் முகத்தைப் பார்க்கும்போது, நீ மட்டும் வேறு பக்கம் திரும்பிவிடாமல் இரு, கண்ணு.

அங்கே இருந்து கூப்பிடுகிறவர்களும், நம்மை எல்லாம் வைத்துப் பார்க்கிறவன் யாரோ அவனும், உன்னைப் பத்திரமாக வழியனுப்பி வைக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா