கார் கதவுக்கு நான் எழுதிய வார்த்தை

பிள்ளைப்பாக்கம்,
புதன்கிழமை

அன்பு மகள் ஜோஸ்லினுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையில் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம், டப்ளினில் நீயும் சுகமா என்று வழக்கம்போல எழுதிவிட்டுப் போகாமல் இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். போனில் கேட்டால் ஒண்ணுமில்லம்மா, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய், அதனால்தான் இட்லிப் பொடி பார்சலுக்குள் இதை வைக்கிறேன். இங்கே மழை விடவில்லை, வல்லம் வடகால் ரோட்டில் தண்ணி நிற்கிறது, கம்பெனி பஸ் சுற்றிக்கொண்டு போகிறது. அப்பா கண்ணாடி மாற்றச் சொன்னால் கேட்பதில்லை, பேப்பரைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் படிக்கிறார்.

கம்பெனியில், காருக்குப் பெயிண்ட் அடிக்கிற எங்கள் பெயிண்ட் ஷாப்பில் எனக்குப் பரீட்சை வைத்தார்கள். கார் கதவை ட்யூப் லைட்டுக்குக் கீழே நிறுத்தி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும், பெயிண்டில் தெரிகிற ட்யூப் நேராக இருந்தால் பாஸ், நெளிந்தால் ரிஜெக்ட். இத்தனை நாள் கையைக் காட்டினால் போதும், இனிமேல் எப்படி மின்னுகிறது என்று இங்கிலீஷில் எழுதணுமாம். முகம் பார்க்கிற மாதிரி இருந்தால் கிளாஸ், மின்னவே இல்லை என்றால் மேட், புகை படிந்தாற்போல் இருந்தால் ஹேஸ், பொடிப்பொடியாய் மின்னினால் ஸ்பார்க்கிள். எல்லாம் சரியாகத்தான் எழுதினேன். கடைசியில் ஒரு கறுப்புக் கதவு, அப்படியொரு மினுமினுப்பு, பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. போன ஞாயிறு வீடியோவில், உன் கண்ணு என்னமா மின்னுது, இதுக்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று கேட்டேனே, நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தபடி, கிளிசன் (glisten) அம்மா என்றாய். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்து, பெருமையாக அதையே கதவுக்கு எழுதினேன். சூப்பர்வைசர் சசிரேகா பார்த்துவிட்டு, இன்னாக்கா, பெயிண்ட்டு நல்லா காஞ்சி கீது, இது ஈரமா மின்னுறதுக்கு சொல்ற வார்த்தை, பனி வுழுந்த புல்லு, அழுத கண்ணு, அதுக்குத்தான் வரும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் லைனில் போய் நின்றால் ஒரு கதவிலும் எனக்கு ட்யூப் நேராகத் தெரியவில்லை.

அந்த ஒன்றுதான் தப்பு, பரீட்சை பாஸ், அதைப் பற்றிக் கவலைப்படாதே. அங்கே உனக்கு என்ன என்று எனக்குத் தெரியாது, வார்டில் யாராவது திட்டினார்களா, பேச ஆளில்லாமல் தனியாகச் சாப்பிடுகிறாயா, இல்லை எனக்குப் புரியாத வேறெதுவோ. வந்துவிடு என்றும் சொல்லமாட்டேன், பொறுத்துக்கொள் என்றும் சொல்லமாட்டேன், இருப்பதை இருக்கிறபடி சொல்லு. அப்பா என்ன நினைப்பாரோ என்று யோசிக்காதே, அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நைட் டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, பொடியோடு நல்லெண்ணெயும் வைத்திருக்கிறேன், கொஞ்சம் தலைக்கும் தேய்.

மாதா உன்னை விட்டு ஒரு நிமிஷமும் விலகாமல் காக்கட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். பார்சல் கைக்கு வந்ததும் வீடியோவில் கூப்பிடு, மறந்துவிடாதே. முகத்தை மட்டும் திருப்பாதே கண்ணு, அழுகை வந்தால் அழு. பார்க்கிறதுதானே என் வேலை.

உன் அம்மா,
செல்லக்கனி