முந்திப் படைத்த முட்டைகள்

பாக் நாம் துறை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பிம்முக்கு அப்பா பிரசித் எழுதுவது. தைவானில் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. போனில் பேசலாம்தான். ஆனால் மணி அடித்தாலே உன் தம்பி சக்தாதான் என்று அம்மா ஓடிவருகிறாள். அதனால்தான் இந்தக் கோழிக்கிறுக்கல்.

தம்பி மீன்பிடிக்கப் போன படகு இன்னும் கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று படகு முதலாளி என்னிடம் மட்டும் சொன்னார்.

பிள்ளை கரையேறினால் ஒரு கூடை அவித்த முட்டை படைப்பதாக முகத்துவாரத்துச் சாமியிடம் அம்மா வேண்டியிருக்கிறாள். பலித்த பிறகுதானே நம் ஊரில் படைப்பார்கள்? சாமியாவது பூதமாவது என்று காப்பிக்கடையில் சபை நடத்தும் உன் அப்பன் என்ன செய்தான் தெரியுமா? முதலாளி சொன்னதைக் கேட்டபின் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. முட்டை வாங்கி, அதே காப்பிக்கடை அடுப்பில் அவித்து, கூடையோடு சாமி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். முதலிலேயே கொடுத்துவிட்டால், வாங்கிக்கொண்டவர் கூச்சப்பட்டாவது பிள்ளையைத் தருவார் என்று ஒரு கணக்கு.

பக்கத்து வீட்டு உபோன் அக்கா கூடையைப் பார்த்துவிட்டாள். நேரே அம்மாவிடம் ஓடி, "அடியே லம்யாய், ஒம்புள்ள வந்துட்டான்டி! ஒம்புருஷன் முட்ட படைக்கிறாரு!" என்று கத்தியிருக்கிறாள்.

அம்மா செருப்புகூடப் போடாமல் வந்தாள். கையில் அவனுடைய காய்ந்த சட்டை. நனைந்து வந்திருப்பானாம்.

என் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். "பலிக்கறதுக்கு முந்தி எவன்யா படைப்பான், கூறுகெட்ட மனுஷா!" என்று திட்டினாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "தேடறத விட்டுட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். தலையாட்டினேன். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சாமியைக் கும்பிட்டாள். "அப்படின்னா இனிமே இவரு மட்டுந்தான் தேடணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒரு பிடி சோறு சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

சின்ன வயதில் நீ, சாமி இருக்கிறாரா என்று கேட்பாய். நானும் ஏதாவது கேலி சொல்லி உன்னைச் சிரிக்க வைப்பேன். என் நாலாம் வகுப்புப் படிப்புக்கு அது இன்றைக்கும் எட்டவில்லை. ஆனால் ஊரே கைவிட்ட பிறகும் பிள்ளையைத் தேட அவளுக்கு இன்னும் ஓர் ஆள் இருக்கிறார். எனக்கு யாரும் இல்லை.

தண்ணீர்த் திருவிழாவுக்கு எப்படியாவது லீவு கேள். உனக்காகவும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். என்ன படைப்பதாக என்று சொல்ல மாட்டேன், சிரிப்பாய். இந்தத் தடவை முந்தவும் மாட்டேன். நீ வந்து வாசலில் நின்ற பிறகுதான் படைப்பேன்.

என்னைப் படைக்க வை, மகளே.

உன் அப்பா,
பிரசித்